துறுதுறு பிள்ளைக்கு மார்க் போடும் தாள்

"ஓர் இடத்தில் உட்கார மாட்டான். சொன்னது காதில் ஏறாது." பால்வாடி டீச்சர் இப்படிச் சொன்னால் தாயின் வயிற்றில் புளியைக் கரைக்கும். அப்பா கை ஓங்குவார். பாட்டியோ, "இவன் அப்பனும் இப்படித்தான்!" என்று சிரிப்பார்.

பாட்டி சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். டாக்டரும் அதைக் கேட்பார். கவனக் குறைவும் அளவு மீறிய துடிப்பும் பரம்பரையாக வருவது உண்டு. பிள்ளையின் திமிர் என்று நினைப்பது தவறு.

இதைக் கண்டறிய டாக்டர்கள் கேள்வித்தாள் தருகிறார்கள். அமெரிக்க உளவியல் அறிஞர் கானர்ஸ் 1969-ல் வெளியிட்ட தாள் பேர் பெற்றது. இன்று பல தாள்கள் உள்ளன. "உட்கார்ந்த இடத்தில் நெளிகிறானா?", "பொருள்களைத் தொலைக்கிறானா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் 0, எப்போதாவது என்றால் 1, அடிக்கடி என்றால் 2, மிக அடிக்கடி என்றால் 3. தாய்க்கு ஒரு தாள், டீச்சருக்கு ஒரு தாள்.

சிக்கல் இங்கேதான். "அடிக்கடி" என்றால் எத்தனை தடவை? இரவெல்லாம் தூங்காத தாய்க்கு எல்லாமே அடிக்கடிதான்! மூன்று, நான்கு வயதில் ஓடாத பிள்ளை எது? ஒரே வகுப்பில் ஒருவனுக்கு இப்போதுதான் மூன்று முடிந்திருக்கும். பக்கத்துப் பையனுக்கு நான்கு நெருங்கும். சின்னவனைப் பெரியவனோடு ஒப்பிட்டு மார்க் போடுவது நியாயமா? காது மந்தமானாலும், தூக்கம் குறைந்தாலும் இதே குறிகள் தோன்றும்.

நம் நாட்டில் 'இன்க்ளென்' குழு உருவாக்கிய தாள்கூட 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கானது. பால்வாடிப் பிள்ளையை அதனால் அளக்க முடியாது.

ஆகவே செல்போனில் கிடைத்த தாளை நிரப்பி, கூட்டிப் பார்த்து, பிள்ளைக்கு நோய்ப் பெயர் சூட்டாதீர்கள். மார்க் கூடினால் டாக்டரிடம் போங்கள். புதுவை மக்களுக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்தது அது. தொல்லை வீட்டிலும் பள்ளியிலும் உண்டா, ஆறு மாதமாக நீடிக்கிறதா என்று டாக்டர் விசாரிப்பார்.

"மருந்து கொடுத்து மயக்கிவிடுவார்களோ?" என்ற பயம் வேண்டாம். 6 வயதுக்குள் முதல் சிகிச்சை பெற்றோருக்குப் பயிற்சிதான் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-ல் வகுத்தது. ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்வது, செய்தவுடன் பாராட்டுவது, சாப்பாட்டையும் தூக்கத்தையும் நேரப்படி வைப்பது என்று பழக்குவார்கள். அப்பாவும் கற்க வேண்டும். அதில் அடிக்கு இடமில்லை!

போகும்போது டீச்சர் நிரப்பிய தாளும் கையில் இருக்கட்டும். தாயின் மார்க்கும் டீச்சர் மார்க்கும் ஒத்துப் போகாவிட்டால் பள்ளிக்கூட வாசலில் சண்டை வேண்டாம். வீட்டில் அவன் ஒரு பிள்ளை. வகுப்பில் ஒரு கூட்டம். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். டாக்டருக்கு இரண்டும் வேண்டும்.