பனியனுக்குச் செக்கிங் உண்டு, விஞ்ஞானத்துக்கு?

திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குள் போனாலும் ஒரு நீண்ட மேஜை இருக்கும். மேலே விளக்கு பளிச்சென்று எரியும். மேஜையைச் சுற்றிப் பெண்கள் நிற்பார்கள். தைத்து வந்த பனியனை எடுப்பார்கள். உள்பக்கத்தைப் புரட்டுவார்கள். தோள் தையலை இழுத்துப் பார்ப்பார்கள். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறிச் சீட்டை ஒட்டித் தனியே போட்டுவிடுவார்கள்.

இதற்குப் பெயர் "செக்கிங்". குறை எங்கே இருக்கிறது என்று தைத்தவருக்கும் தெரியும், மேற்பார்வை பார்ப்பவருக்கும் தெரியும். சரக்கு வாங்குகிறவர் அனுப்பும் ஆளும் வந்து, கட்டிய பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கப்பல்!

விஞ்ஞானத்துக்கும் இப்படி ஒரு செக்கிங் உண்டு. ஆனால் அந்த மேஜை, பல காலமாகத் திரைக்குப் பின்னால் இருக்கிறது.

திரைக்குப் பின்னால்

ஒரு விஞ்ஞானி புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அதை எழுதி ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்புகிறார். பத்திரிகை ஆசிரியர் அதே துறையில் தேர்ந்த இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, "இது சரிதானா?" என்று கேட்கிறார். அவர்கள் குறை சொல்வார்கள், திருத்தச் சொல்வார்கள், "வேண்டாம்" என்றும் சொல்வார்கள். இந்த வேலைக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது.

நல்ல வழக்கம்தான். ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜமும் இதிலிருந்து தப்பவில்லை. 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் பத்திரிகையில் அவருடைய கட்டுரை வந்தது. அச்சுக்குப் போகும் முன்பு, பத்திரிகை ஆசிரியர் அதை ஒரு தடவைக்கு மேல் திருப்பி அனுப்பினார். மேதை எழுதியது மற்றவர்களுக்குப் புரிய வேண்டாமா?

ஆனால் குறை சொன்னவர்கள் என்ன சொன்னார்கள்? எழுதியவர் என்ன பதில் கொடுத்தார்? பெரும்பாலான பத்திரிகைகளில் வாசகருக்கு இது தெரியாது. அதோடு, பல கட்டுரைகளைப் படிக்கவே பணம் கட்டவேண்டும். மக்களின் வரிப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியை மக்களே காசு கொடுத்துப் படிப்பது வேடிக்கைதான்! 2024 நவம்பரில் மத்திய அரசு "ஒரே நாடு ஒரே சந்தா" என்ற திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்காக 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அது அரசு கல்லூரிகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் இருப்பவர்களுக்கு. கல்லூரி வாசலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு அல்ல.

13 நாளில் கவிழ்ந்த கட்டுரை

திரை போட்ட செக்கிங்கால் என்ன ஆகும் என்பதை உலகமே ஒரு தடவை பார்த்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கு நடந்த நேரம். பனியன் தைத்த திருப்பூர் மெஷின்கள் முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைத்துக்கொண்டிருந்தன.

அந்த ஆண்டு மே 22-ந் தேதி, லண்டனிலிருந்து வெளியாகும் "லான்செட்" என்ற புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. 671 ஆஸ்பத்திரிகள், 96,032 நோயாளிகள் என்று பெரிய கணக்கு! ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரை கொடுக்கப்பட்ட நோயாளிகள் அதிகமாகச் செத்தார்கள் என்றது அந்தக் கட்டுரை. மூன்றே நாளில், உலக சுகாதார நிறுவனம் அந்த மாத்திரையைச் சோதிப்பதை நிறுத்திவைத்தது.

செக்கிங் முடிந்து வந்த கட்டுரைதான். ஆனால் செக்கிங் செய்தவர்களின் கைக்கு மூலக் கணக்கு வரவில்லை. அது ஒரு தனியார் கம்பெனியிடம் இருந்தது. மூட்டையைப் பிரிக்காமலேயே சரக்கு நல்ல சரக்கு என்று எழுதிக்கொடுத்த கதை!

வெளியில் இருந்த விஞ்ஞானிகள் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஐந்து ஆஸ்பத்திரிகளில் 73 பேர் செத்ததாகக் கட்டுரை சொன்னது. அந்தத் தேதியில் அந்த நாடு முழுவதிலுமே கொரோனாவால் செத்தவர்கள் 67 பேர்தான்! நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். "மூலக் கணக்கைக் காட்டுங்கள்" என்றார்கள். கம்பெனி காட்டவில்லை. ஜூன் 4-ந் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

அந்த மாத்திரையால் கொரோனாவுக்குப் பலன் இல்லை என்று பின்னால் வேறு சோதனைகள் காட்டின. அது வேறு விஷயம். காட்ட முடியாத கணக்கை நம்பி, நோயாளிகளின் விஷயத்தில் முடிவெடுத்தது சரியாகிவிடாது.

திரை விலகுகிறது

திரையை விலக்கும் வேலை முன்பே தொடங்கிவிட்டது. ஐரோப்பாவின் "எம்போ" பத்திரிகை 2009-லேயே செக்கிங் குறிப்புகளை வெளியிடத் தொடங்கியது. 2012-ல் "பப்பியர்" என்ற இணைய தளம் வந்தது. அச்சேறிய கட்டுரையில் குறை கண்டவர்கள், பெயர் சொல்லாமலேயே அங்கே எழுதலாம். பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலிருந்து 2020-ல் வெளியான ஒரு கட்டுரையின் படங்களில் கோளாறு இருப்பதாக அங்கேதான் எழுதினார்கள். மறு ஆண்டே அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 1869-ல் பிறந்த "நேச்சர்" பத்திரிகையும் 2025 ஜூனில் வழிக்கு வந்தது. இனிப் புதிதாக வந்துசேரும் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானால், அதோடு குறை சொன்னவர்களின் குறிப்பும் எழுதியவரின் பதிலும் வெளிவரும் என்று அறிவித்தது.

"பெரிய மனிதரின் கட்டுரையில் சின்னவர் குறை சொன்னால், அவருடைய பிழைப்பு என்னாவது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம். அதனால்தான் "நேச்சர்" பத்திரிகையில் குறிப்பு வெளியே வரும். குறிப்பு எழுதியவர் விரும்பினால் மட்டுமே பெயர் வரும். அம்புக்குறிச் சீட்டில் செக்கிங் பெண்ணின் பெயரா எழுதியிருக்கிறது? ஓட்டை தெரிந்தால் போதும்.

நொய்யல் கேட்கும் கணக்கு

இதெல்லாம் படித்தவர்கள் விவகாரம், திருப்பூருக்கு என்ன என்று தோன்றலாம். நொய்யல் ஆற்றைக் கேட்டால் தெரியும்!

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் ஆறு அது. பாசனத்துக்காக அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி 1992-ல் முடித்தார்கள். வந்து தேங்கியதோ சாயக் கழிவு! துணியில் சாயம் பிடிக்க உப்புப் போடவேண்டும். துணி சாயத்தை வாங்கிக்கொள்ளும். உப்பு தண்ணீரோடு வெளியே போகும். ஒரு லிட்டர் கழிவு நீரில் கரைந்த உப்பு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அணையில் தண்ணீர் இருந்தும், "எங்கள் வயலுக்குத் திறக்காதீர்கள்" என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது.

2003-ல் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 2006 டிசம்பரில், ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழக்கூடாது என்று உத்தரவு வந்தது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ந் தேதி, சாயப்பட்டறைகளை மூடும்படி ஐகோர்ட்டு உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகளில் கதவு சாத்தினார்கள். சாயம் இல்லாவிட்டால் தையல் ஏது, பேக்கிங் ஏது? வயலை இழந்தவரும் வேலையை இழந்தவரும் ஒரே ஆற்றின் கரைக்காரர்கள்.

ஆற்றில் எவ்வளவு உப்பு? யார் விட்டது? எந்தக் கிணறு வரை போயிற்று? இந்தக் கேள்விகளுக்கு நிபுணர் குழு போட்டுப் பதில் தேட வேண்டியிருந்தது. அணை கட்டிய நாளிலிருந்தே, சோதித்த கணக்கு மாதாமாதம் ஊர்ச்சாவடியில் ஒட்டப்பட்டிருந்தால், விவசாயி கோர்ட்டுப் படி ஏறுவதற்குள் பட்டறைக்காரருக்கே விழிப்பு வந்திருக்கும்.

இப்போது கருவி வந்துவிட்டது. கழிவு நீரை இடைவிடாமல் சோதித்து, இணையத்தில் எண்ணை அனுப்பும் கருவிகளைப் பொருத்தும்படி, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. அந்த எண் வாரியத்தின் கம்ப்யூட்டருக்குப் போனால் மட்டும் போதாது. ஒரத்துப்பாளையம் விவசாயியின் செல்போனிலும், தமிழில், தெரியவேண்டும். நொய்யலைப் பற்றி அரசுப் பணத்தில் ஆராய்கிறவர்களும் முடிவை மட்டும் அச்சடித்தால் ஆகாது. மூலக் கணக்கும், செக்கிங் செய்தவர்கள் சொன்ன குறையும் சேர்ந்தே வெளிவரட்டும்.

"எண்ணை வெளியே விட்டால் வெளிநாட்டு ஆர்டர் போய்விடும்" என்று சிலர் அஞ்சக்கூடும். 2011-ல் மூடிய கதவுக்கு எத்தனை ஆர்டர் போயிற்று என்று அவர்களுக்கே தெரியும்.

எந்தக் கிணற்றில், எந்தத் தேதியில் தண்ணீர் எடுத்தார்கள் என்பதையும் கணக்கோடு சேர்த்துப் போடவேண்டும். கிணற்றுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அதற்கு முந்தின வாரம் நல்ல மழை. அதனால்தான் உப்பு குறைவாகக் காட்டுகிறது. சித்திரையில் வந்து எடுங்கள்!" என்று சொல்லக்கூடும். அவர் அதை எழுதுவதற்கும் அந்தக் கட்டுரையின் அடியில் ஓர் இடம் விடவேண்டும்.