'காலனி' என்ற சொல்



அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். "இதுக்கெல்லாமா ஒரு அறிவிப்பு?" என்று எங்கள் சைதாப்பேட்டைத் தெருவிலேயே சிலர் கேட்டார்கள்.

அவர்களுக்குப் புரியாததில் வியப்பில்லை. மயிலாப்பூரில் சி.ஐ.டி. காலனி என்றால் வசதியானவர்கள் குடியிருக்கும் இடம். கிராமத்திலோ காலனி என்றால் பட்டியல் சாதியினரின் குடியிருப்பு; 'காலனி ஆளா?' என்பது சாதியைக் கேட்கும் கேள்வி. நான் கிராமப் பள்ளிகளில் தமிழாசிரியையாக இருந்தவள். முகவரி எழுதச் சொன்னால், அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு எழுதிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பெயரை மாற்றினால் நிலமும் வேலையும் வந்துவிடாதுதான். ஆனாலும் இது சின்ன விஷயம் இல்லை. நமக்குப் பக்கத்துப் பரங்கிமலையில் பிறந்த ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா, அரசுப் பதிவேடுகளில் 'பறையர்', 'பஞ்சமர்' என்பதற்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்று எழுத வேண்டும் எனச் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, 1922-இல் அதை நிறைவேறவும் வைத்தார். பிறர் வைத்த பெயரை மறுத்து, தம் பெயரைத் தாமே சொன்ன துணிச்சல் அது.

சொல் இவ்வளவு முக்கியம் என்பதால், உங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். சாதி வன்முறைச் செய்திகளில் 'இரு தரப்பினர் மோதல்' என்று எழுதாதீர்கள். தாக்கியவர் யார், தாக்கப்பட்டவர் யார் என்று எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சைதாப்பேட்டை, சென்னை - 15.