சிறுமி முதலில் சிரித்தாள்

மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி பள்ளி விட்டு வீட்டுக்கு நடக்கிறாள். பத்து நிமிட வழிதான். ஆனால் குரங்காட்டி, பாம்பாட்டி, மூன்று நாளாகச் சைக்கிளைவிட்டு இறங்காதவர் என்று தெருவெல்லாம் வேடிக்கை. அப்போது அவள் தெருப் பெரியவர் ஒருவர், எண்ணெய்க் கறை படிந்த பொட்டலத்தைக் கையில் ஏந்தாமல் அதன் நூலை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறார். இப்படிப் பிடித்தால் அவிழ்ந்து விழுந்துவிடாதா? அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நம் சாதியார் தொட்டால் தீட்டு என்று மேல்சாதியார் நினைக்கிறார்கள், அதனால்தான் பெரியவர் நூலைப் பிடித்துத் தூக்கினார் என்று சொல்கிறான்.

1992இல் வெளிவந்த, எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ நூலில் வரும் காட்சி இது. பெரும்பாலும் இதைச் சாட்சியமாகவே படிக்கிறோம். அதன் கட்டுமானத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. எழுதும்போது பாமா முப்பதைக் கடந்தவர். பெரியவர் பிடித்திருந்த பொட்டல நூலின் பொருள் அவருக்கு முதல் வரியிலேயே தெரியும். தெரிந்தும் சொல்லாமல் வைத்திருக்கிறார். குரங்காட்டியும் சைக்கிள்காரரும் வெறும் வர்ணனைக்காக வரவில்லை. பெரியவரும் அந்த வேடிக்கைகளில் ஒன்றாக நம் கண்ணில் படவேண்டும், நாமும் சிரிக்க வேண்டும். சிரித்த பிறகுதான் அண்ணன் பேசுகிறான். ‘தீண்டாமையை நான் முதன்முதலாக உணர்ந்த நாள்’ என்று தொடங்கியிருந்தால், தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்போம்.

நம் பத்திரிகைகளில் வரும் இளமைக்கால நினைவுகள் பலவும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. கோலி, பம்பரம், கிணற்றுக் குளியல், ஆச்சி சுட்ட பணியாரம், கடைசியில் ‘அந்தக் காலம் இனி வருமா’ என்ற பெருமூச்சு. (நானும் அப்படி இரண்டு எழுதியிருக்கிறேன்.) பணியாரத்தில் குற்றமில்லை. அதைத் தின்னும் பையன்தான் அங்கே இல்லை. அறுபது வயதுக்காரர் ஒருவர் அரைக்கால் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஜே.எம். கூட்ஸி 1997இல் வெளியிட்ட ‘பாய்ஹுட்’ நூலில் தன்னையே ‘அவன்’ என்கிறார், நிகழ்காலத்தில் எழுதுகிறார். நாளை என்ன நடக்கும் என்று தெரியாத பையனாகவே அவன் கடைசிவரை இருக்கிறான். பிரெஞ்சு எழுத்தாளர் நத்தாலி சரோத் எண்பது வயதைக் கடந்தபின், 1983இல், தன் குழந்தைப் பருவத்தை எழுதினார். அதில் இன்னொரு குரல் அடிக்கடி குறுக்கிட்டு, உண்மையில் அப்படித்தான் இருந்ததா, கொஞ்சம் அழகாக்கவில்லையா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. நினைவின் மீதுள்ள சந்தேகத்தையே அவர் நூலின் வடிவமாக்கிக்கொண்டார். பாமாவின் நூலில் சிறுமியைச் சிறுமியாகவே வைத்திருக்கும் வேலையைச் செய்வது பேச்சுமொழி. இலக்கண சுத்தமான நடையில் எழுதியிருந்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அந்தச் சிறுமி காணாமல் போயிருப்பாள்.

உத்தி என்றதுமே பொய் கலப்பதோ என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எதை முன்னால் சொல்வது, எதைத் தள்ளிப்போடுவது, யார் கண்ணால் பார்ப்பது என்பதெல்லாம் எழுதுபவரின் உரிமை. இல்லாத பொட்டலத்தை உண்டாக்க மட்டும் உரிமை கிடையாது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய உரையாடலை ஒரு சொல் பிசகாமல் மேற்கோள் குறிக்குள் தருபவரை நான் நம்புவதில்லை. தாத்தா சொன்னதன் சாரம் நினைவிருந்தால் சாரத்தைச் சொல்லலாமே.

உங்கள் பால்யத்தை எழுதிக்கொண்டிருக்கிறீர்களா? முடித்ததும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘அப்போது எனக்குத் தெரியவில்லை’ என்று தொடங்கும் வாக்கியம் எங்காவது இருந்தால் அதை அடித்துவிடுங்கள்.