கொம்பும் காலும் செய்த குற்றம் என்ன?

நல்லதண்ணியில் எடுத்த படங்களுக்கு ‘தோட்டம்’, ‘கொழுந்து’, ‘நல்லதண்ணி’ எனத் தமிழிலேயே பெயரிட்டு, நண்பர் ஒருவர் தமது பழைய மேக் கணினியிலிருந்து அனுப்பினார். செய்திப் பக்கத்தில் அதே பெயர்களைத் தட்டச்சிட்டேன். லினக்ஸ் வழங்கி, ‘நல்லதண்ணி’யை மட்டும் கண்டது, மற்ற இரண்டும் இல்லவே இல்லை என்று கைவிரித்தது.

“ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் தொல்லையில்லையே ஐயா” என்றார் கணினிப் பிரிவு இளைஞர். அப்படியானால் குற்றவாளி தமிழா?

‘தோ’வின் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரு குறிகளாகவும் பிரிக்கலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. 1998இல் வந்த ஆப்பிளின் எச்.எப்.எஸ். பிளஸ், பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விண்டோசும் லினக்சும் பொதுவாகக் கொடுத்தபடியே வைத்து, குறிக்குக் குறி ஒப்பிடுகின்றன. ஆகவே கண்ணுக்கு ஒன்றான ‘தோட்டம்’ கணினிக்கு இரண்டாகிறது. ‘நல்லதண்ணி’யில் பிரிப்பதற்கு ஏதுமில்லை, தப்பியது.

2017இல் மேக் கணினிகளுக்கு வந்த ஏ.பி.எப்.எஸ். இரு வடிவங்களையும் ஒரே பெயராக ஏற்கிறது. எனவே இது முடியாத காரியமன்று. ஒப்பிடுமுன் ஒரே வடிவுக்கு மாற்றச் சில வரி நிரல் எழுதச் சோம்புவோர், நம்மை மொழியையே மாற்றச் சொல்கின்றனர்.

பெயரை மாற்றேன். நிரலை மாற்றுங்கள்.