அறுபதாம் கல்யாணத்துக்கு எதற்கு அந்தப் பெரிய கப்பல்?



அம்மா அப்பாவைக் கப்பல் பயணம் அனுப்புகிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஊரையே ஏற்றிக்கொண்டு போகும் கப்பலா? 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 7,600 பேர் வரை ஏற்றும். அது கப்பல் இல்லை, தேர்த் திருவிழா. இத்தனை வருஷம் உங்களுக்காக ஓடிய இருவரை அங்கேயும் வரிசையில் நிறுத்துவீர்களா? 'சீட்ரீம்' கப்பலில் 112 பேர்தான். வெனிஸில் 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்கோ பக்கமே வரக்கூடாது.

"விலை அதிகம் சார்" என்பீர்கள். அதிகம்தான். ஆனால் பெரிய கப்பலில் தனிக் கணக்காக வரும் மது, டிப்ஸ் எல்லாம் சீட்ரீமில் டிக்கெட்டிலேயே அடக்கம். நாளைக் குறையுங்கள், கப்பலைப் பெரிதாக்காதீர்கள். (அதில் பால்கனி கிடையாது, அலையில் கொஞ்சம் ஆடும். சொல்லிவிட்டேன்.)

பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் கேளுங்கள்: கரையிலேயே நிற்குமா, படகுக்கு மாற வேண்டுமா? அப்பாவின் முழங்காலுக்கு அது முக்கியம்.