கமிஷன் போனது, பேரம் போகவில்லை

கோட்டாறில் இருக்கும் நாகர்கோவில் சந்திப்பில் ரயில் வந்து நின்றதும் ஆட்டோ பேரம் தொடங்கிவிடும். மணக்குடிக்கோ ராஜாக்கமங்கலத்துக்கோ போகிறவருக்குக் கேட்கும் தொகை மிகையாகப் படும். ஓட்டுநருக்கோ, ஆளை இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்ப வேண்டுமே என்ற கவலை. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அதை ரூபாய்க் கணக்கில் எழுதிவைக்கும் அதிகாரம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி, மாநில அரசின் கையில்தான் இருக்கிறது.

தமிழக அரசு 2013 ஆகஸ்டில் சென்னைக்கு அப்படி எழுதியது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12. அன்று பெட்ரோல் லிட்டர் 80 ரூபாயைத் தொடவில்லை. பின்னர் 100-ஐத் தாண்டியது. கட்டணமோ பத்தாண்டு கடந்தும் அசையவில்லை. பொறுத்துப் பார்த்த ஓட்டுநர் சங்கங்கள் 2025 பிப்ரவரியில் 50 ரூபாய், 18 ரூபாய் என்று தாங்களே அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் செயலிகள் விலை வைக்கின்றன.

கமிஷன் பிடிப்பதற்கு எதிராக ஓட்டுநர்கள் போராடிய பிறகு, 2022-இல் பெங்களூரில் 'நம்ம யாத்ரி' செயலி கமிஷன் இல்லாமல் வந்து, பின்னர் நாளுக்கு 25 ரூபாய் சந்தா வாங்கத் தொடங்கியது. ராபிடோ, ஊபர், ஓலா மூன்றும் அதே வழிக்கு வந்தன. கமிஷன் ஒழிந்தது நல்லதே. ஆனால் சந்தா முறையில் ஊபர் ஆட்டோவுக்குக் காட்டும் தொகை வெறும் பரிந்துரை. இறுதித் தொகையைப் பயணியும் ஓட்டுநரும் பேசி முடிவுசெய்ய வேண்டும். பழைய பேரம் கைப்பேசி வழியாகத் திரும்பி வந்துவிட்டது. சவாரி குறைந்த ஊர்களில் நாள் சந்தா கமிஷனைவிடக் கனமாகவும் ஆகலாம்.

மாற்று வழிக்கு எல்லை தாண்டிப் பார்த்தால் போதும். கேரளம் 2022-இல் ஆட்டோவுக்கு 1.5 கிலோமீட்டர் வரை 30 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 15 என்று நிர்ணயித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் தொடங்கிய அரசின் 'கேரள சவாரி' செயலி அந்தக் கட்டணத்துக்கு மேல் 8 சதவீதம் மட்டும் சேவைக் கட்டணமாக வைத்தது. ஐந்து கிலோமீட்டர் சவாரிக்குக் கேரளக் கட்டணம் 82.50 ரூபாய், சென்னையின் 2013 கணக்கில் 63.40. இந்த இடைவெளியை எந்த ஓட்டுநர் தன் வயிற்றில் அடித்துக்கொண்டு நிரப்புவார்?

ஒன்றிய அரசின் 2025 ஜூலை வழிகாட்டுதல்கள் நெரிசல் நேரத்தில் மாநில அரசு அறிவிக்கும் அடிப்படைக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்குவரை வாங்கச் செயலிகளை அனுமதிக்கின்றன. சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் சேரவேண்டும் என்கின்றன. அடிப்படைக் கட்டணமே காலத்துக்கு ஒவ்வாததாக இருந்தால் எதன் இரண்டு மடங்கு, எதில் 80 சதவீதம்?

எனவே தமிழக அரசு ஆட்டோ கட்டணத்தை ஆண்டுதோறும் எரிபொருள் விலையோடு பொருத்தித் திருத்த வேண்டும். சென்னையோடு நிற்காமல், காலியாகத் திரும்பும் தூரத்தையும் கணக்கில் எடுத்து, மாவட்டத் தலைநகரங்களுக்கும் அறிவிக்க வேண்டும். அந்தப் பட்டியல் கோட்டாறு ஸ்டாண்டிலும் செயலியிலும் ஒரே எண்ணைக் காட்டட்டும்.