நெஞ்சு வலிக்கு மட்டுமா கேஷுவாலிட்டி?

ஆபீஸில் ஒருத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் என்ன நடக்கும்? மானேஜர் தன் காரையே கொடுப்பார். வருஷக்கணக்கில் பேசிக்கொள்ளாத அக்கவுண்ட்ஸும் சேல்ஸும் ஆளுக்கொரு பக்கம் தூக்கும். பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி.

அதே ஆசாமி நாலு ராத்திரி தூங்காமல், 'எல்லாரும் என்னைக் கொல்லப் பார்க்கிறாங்க' என்று நடுங்கினால்? 'லீவு போட்டு ஊருக்குப் போங்க ஸார்' என்பார் ஒருத்தர். 'மந்திரிச்சுக் கயிறு கட்டணும்' என்பார் இன்னொருத்தர். 'ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்பார் ஹெட்கிளார்க். (கல்யாணத்துக்கு அப்புறம்தான் தூக்கம் போச்சு என்று தினம் புலம்பும் அதே ஹெட்கிளார்க்!) கார் மட்டும் வராது.

தப்பித்தவறிக் கூட்டிப்போனாலும், 'மனநல ஓ.பி. காலையிலதான், நாளைக்கு வாங்க' என்று ராத்திரி பதினோரு மணிக்குத் திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு. வியாதி என்ன, ஆபீஸ் டயம் பார்த்தா வரும்?

நமக்கு பி.காம். புத்தி. இரண்டு பக்கமும் டாலி ஆகணும். 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-வது பிரிவில் அது டாலி ஆகிறது. உடம்பு வியாதிக்கு எந்தத் தரத்தில் ஆம்புலன்ஸும் அவசர சிகிச்சையும் உண்டோ, அதே தரத்தில் மன வியாதிக்கும் தரணும். 94-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே. உயிருக்கு ஆபத்து என்றால், பதிவு பெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை கொடுக்கலாம். ஸ்பெஷலிஸ்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 'ஷாக் வெச்சுடுவாங்களோ' என்ற பயமும் வேண்டாம். அவசர சிகிச்சை என்று சொல்லி அதைக் கொடுக்கவே கூடாது.

இன்னொரு பயம் போலீஸ். தற்கொலைக்கு முயன்றவரைக்கூட 'கேஸ் ஆயிடுமே' என்று வீட்டுக்குள்ளேயே மூடி மறைக்கிறார்கள். 115-வது பிரிவுப்படி, அவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் கொள்ளணும், தண்டிக்கக் கூடாது. பழைய 309-வது பிரிவும் 2024 ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டத்தோடு காலாவதி. ஆஸ்பத்திரியில் போலீஸுக்குத் தகவல் எழுதலாம். எழுதட்டுமே! மறைத்து வைக்கிற ஒவ்வொரு மணி நேரமும்தான் உண்மையான ஆபத்து. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

நம்ம செட்டுக்கு முக்கியமான ஒன்று. தினம் குடித்தவர் சட்டென்று நிறுத்தி, மூணாவது நாள் கை நடுங்கி, இல்லாத பூச்சியைத் தட்டி விட்டால், 'மச்சான் காமெடி பண்றான்' என்று சிரிக்காதீர்கள். அது உயிரையே வாங்கக்கூடியது. அவனை உடனே கேஷுவாலிட்டிக்குத் தூக்குங்கள்.

யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416-க்கு போன் போடுங்கள். ராப்பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், பைசா செலவில்லை. ஆனால் உயிர் ஆபத்து என்றால் முதலில் ஆஸ்பத்திரி.

மானேஜர் ஸார், அந்தக் கார் சாவியைக் கொஞ்சம் எடுத்து வைங்க!